இருபத்து மூன்றாம் எண் ஆணி

எழுதத் தெரிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட் நடத்துகிறேன். இப்போது அதில் சைக்கிளைவிட பைக்குகள்தான் அதிகம். வண்டியில் ஒரு டோக்கன், ஆள் கையில் ஒரு டோக்கன்; இருபத்தாறு வருஷமாக என் வேலை இதுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன் வெளிநாட்டைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். பத்து நாளில் நான் பார்த்தது ஒரு வீடு, ஒரு பேருந்து, ஒரு கேட். அந்தக் கேட்டைப் பற்றி யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன காரணம் காதுகுத்து. தங்கை செல்வியும் அவள் கணவர் கணேசனும் ஆக்லாந்தில், ஹென்டர்சன் பக்கம் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். மகள் இனியாவுக்கு நாலு வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று செல்வி பிடிவாதமாக இருந்ததால், என் விசா வரும்வரை பிள்ளையின் காது காத்திருந்தது.

விமான நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பயத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று போட்டுவிட்டேன். சாப்பாடு இருக்கிறதா, ஆம். காலணியில் மண் இருக்கிறதா, ஆம். கறிவேப்பிலை குப்பைத் தொட்டிக்குப் போனது. முறுக்கு தப்பித்தது. பயணத்துக்கென்று வாங்கிய கேன்வாஸ் ஷூவை ஒரு பெண் அதிகாரி உள்ளே எடுத்துப் போனார். காலுறையோடு பத்து நிமிஷம் நின்றேன். திரும்பி வந்தபோது ஷூ கழுவப்பட்டு ஈரமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் நீட்டினார். என் காலில் போடுவதை இன்னொருவர் கழுவித் தந்தது எனக்கு அதுவே முதல் முறை. நன்றி சொல்ல நினைத்து, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

முதல் இரண்டு நாள் தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் போனது. ஊரில் விடியற்காலை நாலு மணி என்றால் அங்கே காலை பத்தரை. நாலு மணிக்குத்தான் நான் ஸ்டாண்டைத் திறப்பேன். அங்கே பத்தரை அடித்தால் என் கை தானாக டோக்கன் டப்பாவைத் தேடும். ஜன்னலுக்கு வெளியே மெல்லிய மழை பெய்யும், உடனே வெயில் வரும், வெயிலோடு சேர்ந்து மறுபடி மழை. எதிர்வீட்டு வேலியில் ஒரு பறவை தண்ணீர்க் குழாய் திறந்தது போலக் கூவும். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் கண்டுபிடிப்பேன்.

மூன்றாம் நாள் செல்வி என்னைத் தனியாகப் பேருந்தில் அனுப்பிப் பார்த்தாள். ஏறும்போது கார்டை ஒரு கருவியில் காட்ட வேண்டும். காட்டினேன். இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து நன்றி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அந்த அழகில் மயங்கி நானும் சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டில் செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இறங்கும்போதும் கார்டைக் காட்டணும். நீ இன்னும் இறங்கலேன்னுல்ல அது நினைச்சுக்கிட்டிருக்கும்.”

“யாரும் கேக்கலியேம்மா.”

“இங்க யாரும் கேக்க மாட்டாங்க. நாமதான் காட்டணும்.”

அன்று அதைச் சிரித்து விட்டுவிட்டேன். அப்போதே மண்டையில் ஏற்றியிருக்கலாம்.

சனிக்கிழமை காதுகுத்து. ஆசாரியும் இல்லை, மொட்டையும் இல்லை. வெஸ்ட்கேட் என்கிற இடத்தில் தோடும் வளையலும் விற்கிற ஒரு கடையில், உயரமான நாற்காலியில் நான் பட்டு வேட்டியோடு உட்கார்ந்தேன். மடியில் இனியா. கடைப்பெண் ஒரு சின்ன வெள்ளைத் துப்பாக்கியை எடுத்தாள். காது குத்துவதற்கும் துப்பாக்கி. செல்வி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டபிறகுதான் அந்தப் பெண் அதைக் காதருகே கொண்டுவந்தாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். இனியா என்னை நிமிர்ந்து பார்த்து, “மாமா, இட்ஸ் ஓகே” என்றாள். அழுதது நான்தான்.

மறுநாள் ஞாயிறு. பக்கத்து வீட்டுச் சிவநேசன் அண்ணன் என்னை வெளியே கூட்டிப் போவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பழைய ஜீப்பும், அதில் சேற்றில் ஓட்டுகிற பைத்தியமும் உண்டு.

நகரத்தைத் தாண்டி வடமேற்கே ஒரு தனியார் நிலம். பைன் மரக் காடும் களிமண் மேடுமாக, ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சொந்தமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பும் பைக்கும் வைத்திருப்பவர்கள் அங்கே வந்து ஓட்டுகிறார்கள். ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிற நாட்டில், ரோடு இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்கள். சிவநேசன் அண்ணனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு கேட் பார்க்கிற பொறுப்பு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பள்ளத்தாக்கில் பனி கலையவில்லை. மரங்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தன. போனில் சிக்னல் இல்லை. மேட்டில் ஏறினால்தான் கிடைக்குமாம். கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, அதன் சுவரில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன், எண் போட்டுத் தொங்கியது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூமியின் மறுபக்கத்தில், சரியாக என் ஸ்டாண்டைத் திறக்கிற நேரத்தில், டோக்கன்கள்.

“தம்பி, இஞ்ச வாங்கோ. சட்டத்தை முதல்ல வாசிப்பம்” என்றார் சிவநேசன் அண்ணன். பக்கத்தில் பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது. துப்பாக்கியைத் துவக்கு என்பது அவர் வழக்கம். “நிலத்துக்காரர் கையெழுத்து வைச்ச கடிதம் இல்லாமல் ஒரு துவக்கும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. லைசன்ஸ் இருந்தாலும் கூடாது. வாகனத்துக்குள்ள பூட்டி வைச்சிருந்தாலும் கூடாது.”

“லைசன்ஸ் இருந்தாலுமாண்ணே?”

“ஓம். லைசன்ஸ் ஆளுக்குத்தானே தம்பி. நிலத்துக்கு இல்லையே.”

மீதியையும் அவர் வாசித்துச் சொன்னார். கடிதம் ஒரு ஆளுக்கு, ஒரு நாளுக்கு மட்டும். வண்டிகள் ஓடுகிற நேரத்தில் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வரக் கூடாது. வண்டிக்குள் இருந்துகொண்டு சுடக் கூடாது, பாதைக்குக் குறுக்கே சுடக் கூடாது, விளக்கு அடித்துச் சுடக் கூடாது. சுடுகிறவர் எதைச் சுடுகிறோம் என்பது மட்டுமல்ல, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துதான் சுட வேண்டும். கடைசி வரி சிவப்பில் இருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வரும்போது அதே ஆணியில் மாட்ட வேண்டும். எல்லா ஆணியும் நிறைந்தபிறகுதான் உள்ளே துப்பாக்கி போகலாம். ஒரு ஆணி வெறுமையாக இருந்தாலும் யாரோ ஒருவர் காட்டுக்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் மலையடிவாரத் தோட்டக்காரர்கள் சிலரிடம் லைசன்ஸ் துப்பாக்கி உண்டு. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் திரும்ப வாங்க நடையாய் நடப்பார்கள். கையில் துப்பாக்கி இருந்தாலும் நிலக்கடலையைக் கிளறுகிற பன்றியைச் சுட முடியாது, வனத்துறை கேட்கும். தகர டப்பாவைத் தட்டித்தான் விரட்டுவார்கள். அதைச் சொன்னேன். சிவநேசன் அண்ணன் சிரித்தார்.

“நான் துவக்கைக் கண்டால் ஓடின ஆள் தம்பி. இப்ப துவக்குக்குக் கேட் திறந்துவிடுறன்.”

பலகையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

என் டோக்கன் இருபத்து மூன்று. சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். ஸ்டாண்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை நான் சொல்கிற வாக்கியம் நினைவுக்கு வந்தது: பத்திரமா வச்சுக்கோங்க, தொலைச்சிராதீங்க.

ஜீப்பில் காட்டுக்குள் போனோம். பனிக்குள் பைன் மரங்கள் வந்து வந்து மறைந்தன. அவற்றின் கீழே, குடை விரித்தது போல மரமாக வளர்ந்த பெரணிகள். மண் சாலையில் ஊசி இலைகள் மெத்தையாகக் கிடந்ததால் டயர் சத்தமே இல்லை. கண்ணை மூடினால் நான் மிதப்பதாகத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஜீப் சேற்றில் இறங்கியது. சிவநேசன் அண்ணன் அரை மணி நேரம் போராடினார். கடைசியில் எங்கள் வண்டியில் பாதியளவுகூட இல்லாத ஒரு வண்டியில் இரண்டு பெண்கள் வந்து, கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். போகும்போது ஒருத்தி ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுதாங்கண்ணே?”

“கிழவனும் கிழட்டு ஜீப்பும் எண்டு சொல்லிப்போட்டுப் போகுது.” அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது போலத் தெரிந்தது.

மதியம் கொட்டகையருகே இரும்புக் கல்லில் சாசேஜ் சுட்டார்கள். ஒரு துண்டு ரொட்டியைக் குறுக்காக மடித்து, வதக்கிய வெங்காயத்தோடு கையில் தருகிறார்கள். தட்டு கிடையாது. நின்றுகொண்டே தின்றேன். கேட்டுக்கு வெளியே ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, அந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடு ஒரு பெரிய மனிதர் ஃபிளாஸ்க்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு வரிப்போட்ட நாய். பெயர் ஹேமி; அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக்காரர். சிவநேசன் அண்ணனோடு டிப்போவில் வேலை பார்த்தவர்.

ஹேமி பேசியதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சிவநேசன் அண்ணன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் திங்கட்கிழமை ஹேமியின் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊரெங்கிருந்தும் வருகிறார்கள். அம்மாவுக்குச் சாப்பாடே இறங்குவதில்லையாம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: சின்ன வயதில் தின்ற மாதிரி, காட்டுப் பன்றி எலும்பும் கீரையும் போட்டு அவித்த குழம்பு. கடைப் பன்றி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். நிலத்துக்காரர் இந்த ஒரு ஞாயிறு மாலைக்கு மட்டும் கடிதம் தந்திருந்தார். மூன்று மணிக்கு வண்டிகள் வெளியேறும். ஐந்து மணி தாண்டினால் இருட்டிவிடும். இடையில் உள்ள இரண்டு மணி நேரம்தான் ஹேமிக்கு. காலை முதலே வந்து காத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி வண்டியில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில்.

என் வேலையைக் கேட்டார். சிவநேசன் அண்ணன் சொன்னதும் ஹேமி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அப்ப இந்தக் கேட்டுக்கு உங்களையல்லோ வைச்சிருக்க வேணும் எண்டு சொல்றார்.”

இரண்டு மணிக்கு என்னை அழைத்துப் போக மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். சிவநேசன் அண்ணன் இருட்டும்வரை அங்கே இருக்க வேண்டும். அந்தச் சமயம் மேட்டில் ஒரு பைக் சரிந்துவிட்டது என்று அவர் கயிறோடு ஓடிவிட்டார். ஹேமி நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கேட்டைத் தாண்டி நடந்தேன். காரில் ஏறினேன். யாரும் எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டேன். மாப்பிள்ளை தூங்கப் போனார். சட்டையைக் கழற்றும்போது, வழக்கம்போல முதலில் பையைக் காலி செய்தேன். மஞ்சளாக ஒன்று கையில் வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தில் மூன்றே முக்கால். என் ஸ்டாண்டில் டோக்கனை நான்தான் கேட்டு வாங்குவேன். கேட்காமல் யாரும் கொடுத்ததில்லை. கேட்கும்வரை பத்திரமாக வைத்திருப்பதுதான் டோக்கன் வாங்கியவனின் கடமை என்று என் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அப்படியே பத்திரமாக, பொத்தான் மாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே ஒரு ஆணி வெறுமையாக இருக்கும். பெட்டி பூட்டியபடி இருக்கும்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு செல்வியைக் கூப்பிட்டேன்.

சிவநேசன் அண்ணன் போன் கிடைக்கவில்லை. செல்வி ஒரு வார்த்தையும் திட்டாமல் இனியாவைத் தூக்கிப் பின் சீட்டில் கட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். அடுத்த நாள் விடுமுறை என்பதால் மோட்டார்வே நிறைய வண்டி. வெஸ்ட்கேட் தாண்டவே அரை மணி நேரம் ஆனது.

“இங்கிலீஷ்ல எப்படிம்மா சொல்லணும், தப்பு என்னோடதுன்னு?”

அவள் சொல்லித் தந்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து இனியா என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

பாதி வழியில் செல்வியின் போன் அடித்தது. சிவநேசன் அண்ணன் மேட்டில் ஏறி நின்று பேசினார். “தம்பி உங்களோடயோ? நிச்சயமோ? காருக்குள்ளயோ?” செல்வி ஆமாம் ஆமாம் என்றாள். “அப்ப சரி. நான் போய்ச் சொல்றன்.”

நல்லவேளை, ஹேமி உள்ளே போயிருப்பார் என்று நினைத்தேன்.

நாங்கள் சேர்ந்தபோது நாலு முப்பத்தைந்து. ஹேமி கேட்டருகே நின்றிருந்தார். முழங்கால்வரை சேறு. நாயும் சேறு. துப்பாக்கி அதே பூட்டிய பெட்டியில்.

“முக்கால் மணித்தியாலமாய் உங்களைத்தான் தேடினவர்” என்றார் சிவநேசன் அண்ணன். கத்திக் கத்திக் குரல் கட்டியிருந்தது. “விசில் ஊதி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ரெண்டு பள்ளத்துக்குள்ளயும் இறங்கினவர். கார்ல ஏறினதை நான் கண்ணால காணேல்ல. அவரும் காணேல்ல. பிறகு போன்ல கதைச்சிட்டு வந்து, கார்ல வருகினம், நீ போ எண்டன். டோக்கன் ஆணியில வரட்டும் எண்டிட்டார்.”

“நீங்க சொல்லியுமாண்ணே?”

“முந்தி ஒருக்கா, எல்லாரும் வெளியில எண்டு ஒருத்தன் வாயால சொல்லிப்போட்டான். உள்ள ஒரு ஆள் நிண்டது. ஒண்டும் நடக்கேல்ல. அண்டைக்குப் பிறகுதான் இந்த ஆணி.”

நான் மனப்பாடம் பண்ணிவந்த ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. ஹேமியைப் பார்த்து, “தப்பு என்னோடது” என்று தமிழில்தான் சொன்னேன். சிவநேசன் அண்ணன் அதை மொழிபெயர்க்கவில்லை. ஹேமியின் முகத்தில் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பலகையைக் கைகாட்டினார். நான் போய் இருபத்து மூன்றை மாட்டினேன். அவர் முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணிவரை விரல் வைத்து எண்ணினார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார்.

அவர் போனபிறகு நாங்கள் கொட்டகை வாசலில் உட்கார்ந்தோம். பனி மறுபடி மரங்களுக்கிடையில் இறங்கியது. வானம் ஆரஞ்சு நிறமாகி, அது மெல்லக் கரைந்து சாம்பலானது. இனியா என் மடியில் தூங்கினாள். அவள் காதில் புதுத் தோடு மினுங்கியது. துப்பாக்கிச் சத்தத்துக்காக நான் என் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அன்றுதான். ஒரே ஒரு சத்தம் வந்தால் போதும் என்று, எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல், எங்கள் ஊர்க் கோமதி அம்மனிடம் கேட்டேன். பன்றிக்காக அம்மனிடம் வேண்டலாமா என்றும் யோசித்தேன். காடு மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. ஊரில் இப்போது காலை பத்தரை இருக்கும், ஸ்டாண்டில் கூட்டம் குறைந்திருக்கும், ஆள் வராத வண்டிகள் மட்டும் வெயிலில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு நாய் முதலில் வந்தது. பின்னால் ஹேமி, கை வெறுமையாக. துப்பாக்கியைப் பிரித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சிவநேசன் அண்ணனிடம் இரண்டு வரி சொன்னார்.

“ஒண்டு நிண்டதாம். நல்ல பண்டி. பின்னால மேடோ பாதையோ எண்டு தெரியேல்லையாம். வெளிச்சம் காணாது. விட்டிட்டார்.”

முக்கால் மணி நேரம் முன்னால் என்றால் மேடு தெரிந்திருக்கும்.

ஹேமி ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு ரோட்டோர ஓடைக்கு நடந்தார். ஓடை முழுக்க வட்ட இலைக் கீரை மிதந்தது. கீரையாவது கொண்டுபோக வேண்டும் என்றார் போலிருக்கிறது. நான் இனியாவைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பின்னால் தண்ணீரில் இறங்கினேன். குளிர் எலும்பில் ஏறியது. ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டேன், கடுகு மாதிரி உறைத்தது. வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாளியை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். கீரை எது நிழல் எது என்று தெரியாமல் போகும்வரை இரண்டு பேரும் கிள்ளினோம்.

மறுநாள் நாள் முழுக்க மழை. சாயங்காலம் சிவநேசன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: கடைப் பன்றிதான் போட்டார்களாம், அம்மா இறைச்சியைத் தொடவில்லையாம், கீரையை மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். நான் சேறு போகக் கழுவிய ஷூவை ஹீட்டர் பக்கத்தில் காய வைத்தேன்.